வைகையின் தாய் வீட்டுக்குப் போய் வாருங்கள்!

மதுரையைச் சுற்றி யானை இருக்கிறது. நாகம் இருக்கிறது. பசுவும் இருக்கிறது. மூன்றும் கல்!

யானைமலை, நாகமலை, பசுமலை. மதுரையை அழிக்க ஏவப்பட்ட மாய மிருகங்கள்தான் இப்படி மலையாகக் கிடக்கின்றன என்பது புராணக் கதை. பசுமலையில் வளரும் குழந்தைக்கு இந்தக் கதையைப் பாட்டி சொல்லிவிடுவாள். உயிருள்ள யானை காட்டில் எப்படி நடக்கும், என்ன தின்னும், எங்கே தண்ணீர் குடிக்கும் என்பதை யார் காட்டுவது?

அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. மதுரைக் குழாயில் வரும் வைகைத் தண்ணீர் எந்த வழியாக வந்ததோ, அந்த வழியை எதிர்த்துப் போனால் போதும். காடு வந்துவிடும்!

தண்ணீர் வந்த வழி

மதுரையிலிருந்து மேற்கே போகும் பஸ், செக்கானூரணி, உசிலம்பட்டி தாண்டி, ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்து, தேனிக்குப் போகிறது. அப்புறம் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர். வழியெல்லாம் நெல் வயல், தென்னந்தோப்பு, திராட்சைப் பந்தல். மலை அடிவாரத்தில் லோயர் கேம்ப். மலை ஏறினால் குமுளி. மதுரையிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். குமுளி கேரள எல்லை. அதை ஒட்டியே தேக்கடி.

தேக்கடியில் பெரிய ஏரி இருக்கிறது. அது இயற்கையாக அமைந்த ஏரி அல்ல. கர்னல் பென்னிகுக் என்ற ஆங்கிலேய என்ஜினீயர் முல்லைப் பெரியாற்றின் குறுக்கே கட்டிய அணையால் உண்டான ஏரி. 1887-ல் தொடங்கிய வேலை 1895-ல் முடிந்தது. மேற்கே ஓடி அரபிக் கடலில் விழுந்த தண்ணீரை, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். ஒரு மைலுக்கு மேல் நீளமான சுரங்கம்! அதன் வழியாகத் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வைகையில் சேர்ந்து, மதுரைச் சீமைக்கு வருகிறது.

பென்னிகுக் பிறந்த ஜனவரி 15-ந் தேதி, தேனிப் பக்கத்து விவசாயிகள் அவர் படத்துக்கு மாலை போட்டுப் பொங்கல் வைக்கிறார்கள். 2013-ல் லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபமும் எழுந்தது. நன்றி மறவாத ஜனங்கள்!

குடமும் பாலும்

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். அணை வெறும் குடம். குடம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பசு கறந்தால்தான் பால். இங்கே பால் தரும் பசு, காடு.

மரம் எப்படித் தண்ணீர் தரும்? மொட்டை மாடியில் மழை பெய்தால் தண்ணீர் உடனே ஓடிவிடும். அதே மாடியில் ஈரச் சாக்கைப் பல அடுக்காக விரித்து வையுங்கள். மழை நின்ற பிறகும் சாக்கிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் வடியும். காட்டில் உதிர்ந்த சருகும், வேரும், புல்லும், மண்ணும் அந்தச் சாக்கு மாதிரி. மழையைக் குடித்து வைத்து, மழை இல்லாத மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்குக் கொடுக்கின்றன.

இதை அந்தக் காலத்திலேயே உணர்ந்திருக்கிறார்கள். அணை கட்டி முடிந்த நான்கே ஆண்டுகளில், 1899-ல், ஏரியைச் சுற்றியுள்ள காடு காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. 1934-ல் திருவிதாங்கூர் மன்னர் அதை மிருகங்களின் சரணாலயம் ஆக்கினார். 1978-ல் அது புலிகள் காப்பகம் ஆயிற்று. இன்று அதன் பரப்பு 925 சதுர கிலோமீட்டர்.

புலிக்கு எதற்குக் காப்பகம் என்று சிலர் கேட்கிறார்கள். புலி வாழ மான் வேண்டும். மான் வாழப் புல் வேண்டும். புல் முளைக்க நீர் வேண்டும். புலி இருக்கிற காடு, எல்லாம் இருக்கிற காடு. அதைக் காத்தால் ஆற்றையும் காத்ததாகும்.

என்ன பார்க்கலாம்?

தேக்கடி ஏரியில் படகு விடுகிறார்கள். தண்ணீருக்கு நடுவே பட்ட மரங்கள் கறுத்து நிற்கும். அணை கட்டியபோது மூழ்கிய மரங்கள் அவை. நூறு ஆண்டுக்கு மேலாகியும் நிற்கின்றன! அவற்றின் மேல் நீர்க்காகங்கள் சிறகை விரித்து வெயில் காயும். கரையில் கடமான், காட்டுப்பன்றி, காட்டெருமை மேயும். கோடையில் மற்ற ஓடைகள் வற்றும்போது யானைக் கூட்டம் குட்டிகளோடு ஏரிக்கு வரும். புலியைப் பார்ப்பது அபூர்வம். பார்க்கவில்லையே என்று வருந்த வேண்டாம். அது நம்மைப் பார்த்திருக்கும்!

திரும்பும் வழியில் கம்பத்துக்கு அருகே சுருளி அருவி. சின்னமனூரிலிருந்து மேலே ஏறினால் மேகமலை. 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர்! மேலே தேயிலைத் தோட்டமும் நீர்த்தேக்கங்களும். சுருளியில் விழும் தண்ணீர் இந்த மலையிலிருந்து வருவதுதான்.

2021-ல் இந்த மலைகள் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் ஆயின. தமிழ்நாட்டின் 5-வது புலிகள் காப்பகம் இது. பரப்பு 1,016 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அதன் ஒரு பகுதி மதுரை மாவட்டத்துச் சாப்டூர் பக்கம் வரை நீள்கிறது. அமாவாசைக்குச் சதுரகிரி ஏறும் பக்தர்கள் நடப்பதும் இந்தக் காட்டுக்குள்தான்!

வைகை பிறக்கும் வருசநாட்டு மலையும் இந்தத் தொடர்தான். அங்கே சரிவுகளில் ஏராளமான மரங்கள் வெட்டப்பட்டன. சாக்கை எடுத்துவிட்டால் மாடியில் என்ன மிஞ்சும்? மழை பெய்தால் வெள்ளம். நின்றால் வெறும் மணல். வைகைப் பாலத்தில் நின்று பார்க்கிற மதுரைக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டுமா?

விருந்தாளிக்கு அழகு

ஆகவே காட்டுக்குப் போங்கள். குழந்தைகளோடு போங்கள். ஆனால் அது பொருட்காட்சித் திடல் அல்ல, அடுத்தவர் வீடு. அங்கே நாம் விருந்தாளி.

2009 செப்டம்பர் 30-ந் தேதி தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். அளவுக்கு மேல் ஆட்கள் ஏறியிருந்தார்கள். மிருகங்களைப் பார்க்கப் பலர் ஒரே பக்கம் எழுந்து போனதாகவும் அப்போது சொல்லப்பட்டது. 2018 மார்ச் 11-ந் தேதி போடி அருகே குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் உயிர் இழந்தார்கள். கோடையில் காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும்.

படகில் உட்காரச் சொன்னால் உட்காருங்கள். வனக் காவலர் போகக் கூடாது என்றால் போகாதீர்கள். யானை நடமாட்டம் என்று சுருளியில் குளிக்கத் தடை போட்டால், கோபிக்காமல் திரும்புங்கள். பீடித் துண்டை எறியாதீர்கள். ஒலிபெருக்கி வேண்டாம்.

குரங்குக்குத் தின்பண்டம் கொடுப்பது புண்ணியம் என்று நினைக்காதீர்கள். மனிதன் சோற்றில் ருசி கண்ட மிருகம் காட்டுக்குள் நிற்காது. அரிசிக்காக வீடுகளை உடைத்துப் பழகிய அரிக்கொம்பன் என்ற யானையைச் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அது 2023 மே மாதம் கம்பம் நகர வீதிக்கே வந்துவிட்டது! ஜூன் 5-ந் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு – முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டு போக வேண்டியதாயிற்று. ஊரும் அஞ்சியது; யானையும் அலைந்தது.

பிளாஸ்டிக் பையை மான் தின்கிறது. உடைந்த பாட்டில் யானையின் காலைக் கிழிக்கிறது. கொண்டு போனதைத் திருப்பிக் கொண்டு வாருங்கள்.

அரசாங்கம் செய்யலாமே!

ஜனங்களுக்கு மட்டும் புத்தி சொன்னால் போதாது. காட்டு வாசலில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் பத்து ரூபாய் முன்பணம் வாங்கலாம். திரும்பும்போது பாட்டிலைக் காட்டினால் பணத்தைக் கொடுத்துவிடலாம். குடிதண்ணீரும் கழிப்பிடமும் வாசலிலேயே இருக்க வேண்டும். நான்கு பேர் சேர்ந்து போக, ஊரை அறிந்த மலைவாசி ஒருவரை வழிகாட்டியாக அமர்த்தினால் அவருக்கும் பிழைப்பு; காட்டுக்கும் காவல்.

மதுரைப் பள்ளிகள் ஒவ்வொரு பிள்ளையையும் படிப்பு முடியுமுன் ஒரு முறையாவது இந்தக் காட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். பஸ் கட்டணம் கொடுக்க முடியாத பிள்ளைகளுக்கு மாநகராட்சி கொடுக்கட்டும். அந்தக் காட்டுத் தண்ணீரைத்தானே ஊர் முழுவதும் குடிக்கிறது!

தாய் வீட்டுக்குப் போகிற பெண், வாசலில் குப்பை கொட்டிவிட்டு வரமாட்டாள். வைகையின் தாய் வீட்டுக்குப் போகிறவர்களும் அப்படியே போய் வரட்டும்.