இருபது வயதில் தோல் பந்து

சேலம் மாவட்டத்தில் தாரமங்கலத்தை அடுத்த சின்னப்பம்பட்டியிலிருந்து இந்திய அணிவரை சென்ற தங்கராசு நடராஜனைப் பற்றி எழுதும் எவரும் முதல் வரியிலேயே தறியைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். தந்தை நெசவுக் கூலி, தாய் சாலையோரத்தில் கோழிக்கறி விற்றவர், குடும்பத்தில் ஐந்து பிள்ளைகள், மூத்தவர் நடராஜன். இவற்றில் எதுவும் பொய்யில்லை. எனினும் இவற்றை அடுக்கியபின் 'விடாமுயற்சி' என்று ஒரு சொல்லைப் போட்டு 2020ஆம் ஆண்டின் ஆஸ்திரேலியப் பயணத்துக்குத் தாவிவிடும் வழக்கத்தோடுதான் நமக்குப் பிணக்கு. எடப்பாடி, தாரமங்கலம், இளம்பிள்ளை, பள்ளிபாளையம், குமாரபாளையம் என்று இச்சமவெளி நெடுகத் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் பல்லாயிரம் பேர். வறுமை யார்க்கர் வீசக் கற்றுத்தருவதாக இருந்தால் இந்திய அணியின் பந்துவீச்சை நம் இரு மாவட்டங்களே தாங்கியிருக்கும்.

அப்படியானால் கற்றுத்தந்தது எது? டென்னிஸ் பந்து என்பதே நம் பதில். இலக்கிய வாசகர்களுக்கு இது அற்பமான பதிலாகத் தோன்றக்கூடும், சற்றுப் பொறுக்கவேண்டும்.

நம் பக்கத்து ஊர்களில் நடக்கும் டோர்னமெண்டுகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள். பொங்கலை ஒட்டியும் கோடை விடுமுறையிலும் அறுவடை முடிந்த காட்டிலோ பள்ளி மைதானத்திலோ ஓர் ஆடுகளம் உருவாகும். நுழைவுக் கட்டணம், பரிசுத் தொகை, அதை வழங்குபவரின் படம் போட்ட பதாகை, இடைவிடாத ஒலிபெருக்கி வர்ணனை. ஆட்டம் சில ஓவர்களில் முடிந்துவிடும். எல்லைக்கோடும் தொலைவில் இராது. பந்தோ இலேசானது, தையல் இல்லை, தோல் பந்தைப்போலக் காற்றில் வளையாது, தரையில் குத்தினால் வாகாக எழும். மட்டையாளருக்கு விக்கெட்டைப் பற்றிய கவலை குறைவு, கண்ணை மூடிக்கொண்டு சுற்றலாம். இப்படிப்பட்ட ஆட்டத்தில் பந்துவீச்சாளன் தப்பிக்க ஒரே இடம் மட்டையாளரின் பாதம். அங்கே விழும் பந்துக்கு அடியில் மட்டையைக் கொடுக்க முடியாது. ஒரு சாண் முன்னே விழுந்தால் ஆறு ரன், ஒரு சாண் மேலே போனாலும் ஆறு ரன். ஆண்டுக்கணக்கில் இத்தண்டனைக்கு அஞ்சியே வீசிய இடக்கை, 2020 நவம்பர் 6 அன்று அபுதாபியில், ஐ.பி.எல். வெளியேற்றுச் சுற்றில், 56 ரன்களுடன் நின்றிருந்த ஏ.பி. டி வில்லியர்ஸின் ஸ்டம்பைத் தகர்த்தது. அதைப் பார்த்த வர்ணனையாளர்கள் வியந்தார்கள். சின்னப்பம்பட்டிக்காரர்கள் வியந்திருக்க நியாயமில்லை.

ஆனால் அதே பள்ளி ஒரு கோளாறையும் கற்றுத்தருகிறது. இலேசான பந்தில் வேகம் வரவேண்டுமென்றால் கையை வெடுக்கென்று சுண்டவேண்டும். சுண்டும்போது முழங்கை மடங்கி நிமிர்வது எளிது. சர்வதேச விதி அனுமதிப்பது 15 பாகை. நடராஜன் தோல் பந்தை முறையாகக் கையிலெடுத்தது ஏறத்தாழ இருபது வயதில். 2010-11இல் சென்னை லீகின் நான்காம் பிரிவில் பி.எஸ்.என்.எல். அணி, பின்னர் படிப்படியாக முதல் பிரிவில் ஜாலி ரோவர்ஸ், 2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சிக் கோப்பையில் அறிமுகம். அந்த முதல் ஆட்டத்திலேயே அவருடைய வீச்சுமுறை ஐயத்துக்குரியது என்று அறிக்கை அளிக்கப்பட்டது. யார்க்கரையும் ஐயத்தையும் தந்தது ஒரே பந்துதான் என்பது நம் கணிப்பு. முந்தையதைப் பிறவித் திறமை என்று கொண்டாடி, பிந்தையதைத் தனியாள் குறை என்று ஒதுக்குவது முறையாகாது.

இந்த இடத்தில்தான் அவருடைய தொடக்ககால வாழ்க்கையின் மெய்யான நெருக்கடி இருக்கிறது. கட்டுரையாளர்கள் இதை ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகிறார்கள். இருபத்து மூன்று வயது. வீட்டுக்கு மூத்த பிள்ளை. கைவசம் வேறு தொழில் இல்லை. கற்றுக்கொண்ட ஒன்றே தவறு என்று எழுதித் தந்துவிட்டார்கள். ஒரு எழுத்தாளனிடம் அவன் வாக்கியமே பிழை, எழுவாயிலிருந்து மீண்டும் பழகு என்று சொல்வதற்கு ஒப்பானது இது. (நம்மில் பலர் அதற்குப்பின் எழுதியிருக்கமாட்டோம்.) தமிழ்நாட்டுக் கிரிக்கெட் சங்கத்தின் பயிற்சியாளர்கள் அவரைக் கைவிடவில்லை, ஓராண்டுக்கு மேலாகக் கையசைவைத் திருத்தி மீட்டார்கள். நிறுவனங்களைக் குறைகூறுவதில் நாம் சளைத்தவர்கள் அல்லர். ஆயினும் இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

இன்னொருவர், ஊரில் அவருக்கு மூத்த ஆட்டக்காரரும் வழிகாட்டியுமான ஜெயப்பிரகாஷ். சென்னைக்குப் போ என்று தள்ளியவர் அவரே. பின்னாளில் நடராஜன் தம் சட்டையில் 'ஜே.பி. நட்டு' என்று பொறித்துக்கொண்டதை நன்றியறிதல் என்று மட்டும் பார்க்க நமக்கு மனமில்லை. பள்ளியில் பயிற்சியாளர், ஒன்றியத்தில் மைதானம், மாவட்டத்தில் தேர்வாளர் என்று ஒரு சமூகம் செய்திருக்கவேண்டிய வேலையை ஒற்றை மனிதர் தம் சொந்த நேரத்தில் செய்தார் என்பதன் சான்று அந்த இரண்டு எழுத்துகள்.

கனடாவில் ஐஸ் ஹாக்கி ஆடும் பிள்ளை நாலைந்து வயதிலேயே சறுக்குக் காலணி கட்டிக்கொள்கிறான். வயதுக்கொரு லீக் இருக்கிறது. பதினெட்டு ஆகும்போது பெரிய அணிகள் முறைவைத்துப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்கின்றன. அம்முறைக்கும் அதன் கொடுமைகள் உண்டு. எனினும் அங்கே ஒருவன் தொழில்முறை ஆட்டக்காரனாகும் வயதுக்குப் பின்னர்தான் நம் ஊர்ப் பையன் ஆட்டத்தின் உண்மையான பந்தையே தொட்டிருக்கிறான்.

2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீகில் திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்காக வீசிய யார்க்கர்கள் அவரை வெளியுலகுக்குக் காட்டின. 2017 ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய் கொடுத்தது. அடிப்படை விலை 10 இலட்சம். ஆறு ஆட்டங்களில் இரண்டு விக்கெட். மறுஆண்டு ஐதராபாத் அணி 40 இலட்சத்துக்கு வாங்கியது. 2018, 2019 இரண்டு பருவங்களிலும் ஓர் ஆட்டம்கூடத் தரப்படவில்லை. விலை ஏழில் ஒரு பங்குக்குச் சரிந்து, இரண்டாண்டு வெளியே அமர்ந்திருந்தவர் 2020இல் 16 விக்கெட் எடுத்தார். ஐதராபாத்தின் பந்துவீச்சுப் பயிற்சியாளராக முத்தையா முரளிதரன் இருந்ததும், அவரோடு தமிழில் பேச முடிந்ததும் எவ்வளவு பெரிய உதவி என்பதை மொழி தெரியாத ஊரில் வேலைக்குப் போனவர்கள் உணர்வார்கள்.

ஆஸ்திரேலியக் கதை ஊரறிந்தது, விரைந்து கடக்கலாம். வலைப்பயிற்சிக்குப் பந்து வீசச் சென்றவர், வருண் சக்கரவர்த்தியின் தோள் காயத்தால் இருபது ஓவர் அணிக்குள் வந்தார். 2020 டிசம்பர் 2 அன்று கான்பெராவில் ஒருநாள் ஆட்டம், 4ஆம் தேதி அங்கேயே இருபது ஓவர் ஆட்டம், 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே பயணத்தில் மூன்று வடிவங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர். அந்த நவம்பரில் பிறந்த மகளைப் பார்க்க ஜனவரிவரை காத்திருக்க நேர்ந்தது. சின்னப்பம்பட்டியில் குதிரை பூட்டிய ரதத்தில் ஊர்வலம் நடந்தது.

பிரிஸ்பேன் கணக்கில் ஒரு வரியை மட்டும் நிறுத்திப் படிக்கவேண்டும் என்போம். முதல் இன்னிங்ஸில் 24 ஓவருக்கு மேல் வீசி 78 ரன்னுக்கு 3 விக்கெட். ஆட்டத்துக்கு ஓரிரு ஓவர் வீசிப் பழகிய இளமையின் உடல், இருபத்தொன்பதாம் வயதில் அதைச் செய்தது. அந்த மார்ச்சில் புனேயில் இங்கிலாந்துக்கு எதிராகக் கடைசி ஓவரில் 14 ரன்களைக் காத்து ஒருநாள் தொடரை வென்றுகொடுத்தார். ஏப்ரலில் முழங்காலில் அறுவைச் சிகிச்சை. ஒரு டெஸ்ட், இரண்டு ஒருநாள், நான்கு இருபது ஓவர் ஆட்டங்கள் என்ற கணக்கு 2025 முடியும்வரை மாறவில்லை. 2024 ஐ.பி.எல்.லில் 19 விக்கெட் எடுத்தும், அதன் பயனாக டெல்லி அணி 10.75 கோடி கொடுத்து வாங்கியும் மாறவில்லை. 'அவ்வளவுதானா?' என்று கேட்பவர்கள், பத்தாண்டு முன்பே தொடங்கியிருக்கவேண்டிய ஓட்டம் அது என்பதைக் கணக்கில் கொள்வதில்லை.

நம் இலக்கியம் இதற்கு என்ன செய்தது? அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' நாவலில் கிரிக்கெட் மட்டை பிடிக்கும் சந்திரசேகரன் செகந்திராபாத்துக்காரன். கொங்குச் சமவெளியின் சோடாக்கடைப் பையன்களையும் ஆடு மேய்க்கும் பிள்ளைகளையும் பெருமாள்முருகன் எழுதிவிட்டார். டென்னிஸ் பந்துக் குழுக்களின் உலகத்தை, அதன் சாதிக் கணக்குகளோடு கண்முன் நிறுத்தியது 2024இல் வந்த 'லப்பர் பந்து' திரைப்படம். கதையும் நாவலும் அந்த மைதானத்துக்கு இனிமேல்தான் வரவேண்டும். வருகிறவர்கள் வென்றவனோடு நின்றுவிடக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறோம். அதே சின்னப்பம்பட்டியின் பெரியசாமி 2019 டி.என்.பி.எல். இறுதியாட்டத்தில் 15 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தவர். அவரை ஊருக்கு வெளியே எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

வாழப்பாடியில் 2020இல் பெரிய மைதானம் வந்துவிட்டது. சின்னப்பம்பட்டியில் நடராஜன் தம் பணத்தில் அமைத்த மைதானம் 2023 ஜூனில் திறக்கப்பட்டது; தினேஷ் கார்த்திக் திறந்துவைத்தார். அங்கே பதினான்கு வயதுப் பையன்களின் கையில் தோல் பந்து போய்ச் சேர்கிறதா, முழங்கையைப் பார்க்க ஒருவர் நிற்கிறாரா என்பதை அடுத்த சில ஆண்டுகளில் நம் குழு நண்பர்களில் யாரேனும் நேரில் சென்று எழுதவேண்டும். சேலத்திலிருந்து ஒரு பேருந்துத் தொலைவுதான்.