பால்வாடித் தராசுக்கு யார் ஸ்டிக்கர் ஒட்டுவது?

2023 அக்டோபரில் உலகப் பட்டினிக் குறியீடு வெளியானது உங்களுக்கு நினைவிருக்கும். இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 18.7 சதவீதம் பேர் உயரத்துக்கேற்ற எடை இல்லாமல் மெலிந்திருக்கிறார்கள் என்றது அது. மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் உடனே மறுத்தது. அங்கன்வாடிகளிலிருந்து போஷன் டிராக்கர் செயலிக்கு மாதாமாதம் வரும் கணக்குப்படி அந்த எண் 7.2 சதவீதத்துக்கும் கீழேதான் என்றது.

வெளிநாட்டுக்காரனை விட்டுவிடுவோம். நம் அரசே வீடு வீடாகப் போய் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு (2019–21) நாடு முழுவதற்கும் 19.3 சதவீதம் என்கிறது, தமிழ்நாட்டுக்கு 14.6. ஆக, சண்டை அரசின் ஒரு கணக்குக்கும் இன்னொரு கணக்குக்கும்தான்.

நான் ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் கேஜ் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மைக்ரோமீட்டர், வெர்னியர், ஸ்லிப் கேஜ் இவைதான் என் பிழைப்பு. ஒரே பொருளை இரண்டு கருவிகள் இவ்வளவு வித்தியாசமாகக் காட்டினால் எது சரி என்று நாங்கள் மேடை போட்டு வாதாட மாட்டோம். லைனை நிறுத்துவோம், இரண்டு கருவியையும் ரூமுக்குக் கொண்டுவருவோம். அங்கன்வாடியில் அளப்பது அங்கே வரும் பிள்ளைகளை, கணக்கெடுப்பில் அளப்பது வீட்டிலிருக்கும் பிள்ளைகளை. அதனால் கொஞ்சம் வித்தியாசம் வரலாம். இரண்டு மடங்குக்கு மேல் வந்தால் விசாரிக்க வேண்டாமா?

இந்தப் பேச்சை எடுத்தாலே நம் ஆட்கள், "பால்வாடி டீச்சருங்க உக்காந்த இடத்துல எழுதறாங்க சார்" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அந்த அம்மாவுக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், சத்துமாவு கணக்கு எழுத வேண்டும், தடுப்பூசி நாளில் ஓட வேண்டும், பல இடங்களில் வாக்காளர் பட்டியல் வேலையும் அவர் தலையில்தான். இதற்கு நடுவில் அழுது திமிறுகிற பிள்ளையை நிறுத்தி உயரம் பார்க்க வேண்டும்.

அந்த வேலை எவ்வளவு நுணுக்கமானது தெரியுமா? உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்படி, இரண்டு வயது நிறைந்த ஆண் பிள்ளை நின்ற நிலையில் 81 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் வளர்ச்சி குன்றியவன். 80 இருக்கிற பிள்ளை குதிகாலைத் தூக்கி 82 காட்டினால் அவன் 'நார்மல்' ஆகிவிடுவான். பிறந்த தேதியை மூன்று மாதம் தள்ளி எழுதினாலும் இதே கதிதான். மளிகைக் கடையில் கத்தரிக்காய் நிறுக்கிற தராசுக்கு எடையளவுச் சட்டப்படி முத்திரை வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் தேதி தாண்டிய காலிபரேஷன் ஸ்டிக்கரோடு ஒரு வெர்னியர் லைனில் கிடந்தால் ஆடிட்டர் அன்றைக்கே எழுதிவிடுவார். பால்வாடித் தராசில் அப்படி ஒரு ஸ்டிக்கரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

தராசு சரியாக இருந்தால் மட்டும் போதாது. நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு மேலாளர் இருந்தார். ரிஜெக்ஷன் எண்ணிக்கை அதிகம் காட்டுகிற ஷிப்டை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துத் திட்டுவார். இரண்டே மாதத்தில் ரிஜெக்ஷன் பூஜ்யமானது, காகிதத்தில் மட்டும். கெட்ட பீஸ் எல்லாம் வாடிக்கையாளரிடமிருந்து லாரியில் திரும்பி வந்தது. உண்மையான எண்ணைச் சொல்கிறவருக்கு அடி விழுந்தால் பொய் எண்தான் மேலே போகும். பிள்ளைகள் விஷயத்தில் லாரி திரும்பி வராது. பத்து வருஷம் கழித்து வகுப்பில் பின்தங்கி உட்காரும்போதுதான் தெரியும்.

நம் தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 1980-ல் உலக வங்கி உதவியோடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை ஏறாத பிள்ளைக்குக் கூடுதல் சத்துணவு கொடுத்தார்கள், தேறியதும் நிறுத்தினார்கள். அங்கே எடை பார்த்தது பிள்ளைக்குச் சோறு போடுவதற்காக. இன்றைக்கு எடை செயலிக்குப் போகிறது, அங்கிருந்து டெல்லிக்கு வரைபடமாகப் போகிறது. அந்தத் தாய் கையில் என்ன கிடைக்கிறது?

வளர்ச்சி தாமதமான பிள்ளைகள் விஷயம் இன்னும் நுணுக்கமானது. 2013-ல் வந்த ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து, பேச்சு வராத, நடை வராத, காது கேளாத பிள்ளைகளைக் கண்டறிந்து மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். நல்ல திட்டம். ஆனால் மேடையில் வாசிக்கிற புள்ளிவிவரம் எல்லாம் எத்தனை பேரைப் பரிசோதித்தோம், எத்தனை பேரை அனுப்பினோம் என்பதுதான். அனுப்பிய பிள்ளை போனதா, ஒரு வருஷம் கழித்துப் பேசியதா? அமெரிக்காவில் இதே மாதிரித் திட்டத்தில், பிள்ளை சேரும்போதும் வெளியேறும்போதும் மூன்று விஷயங்களில் நிலையைப் பார்த்து, எவ்வளவு முன்னேறியது என்று ஒவ்வொரு மாநிலமும் கணக்குக் கொடுக்க வேண்டும்: பிறரோடு பழகுவது, கற்றுக்கொள்வது, தன் தேவையைத் தானே பார்த்துக்கொள்வது. அங்கேயும் குறைகள் இருக்கும். ஆனால் கேள்வி சரியான கேள்வி.

நம் பகுதிக்கென்று ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம் பக்கம் லைன் வீடுகளில் ஒடிசா, பீகார், அசாம் குடும்பங்கள் இருக்கின்றன. பதிவேட்டில் பெயர் ஏறாத பிள்ளை எவ்வளவு மெலிந்தாலும் நம் சதவீதம் ஏறாது. கார் ஏற்றுமதியில் பெருமைப்படுகிற ஊர், அந்தக் காரைச் செய்கிறவன் பிள்ளையை எண்ணாமல் விடலாமா?

நான் கேட்பது பெரிய செலவில்லாத நான்கு காரியங்கள். ஒன்று, ஒவ்வொரு மையத்துக்கும் முத்திரையிட்ட 5 கிலோ எடைக்கல். மாதம் ஒருமுறை தராசைச் சோதித்துத் தேதி எழுதட்டும். இரண்டு, வேறு வட்டாரத்து ஆள் வந்து பத்துப் பிள்ளைகளை மறுபடி அளக்கட்டும். நாங்கள் பத்து பீஸை மூன்று ஆளிடம் கொடுத்து அளப்பது போல. மூன்று, உண்மையைச் சொன்ன டீச்சருக்குத் திட்டு வேண்டாம், உதவி போகட்டும். நான்கு, மையத்துக்கு அனுப்பிய ஒவ்வொரு பிள்ளையும் ஆறு மாதத்தில் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி.

இதைப் படிக்கிறவர்களில் பலர் பேரப்பிள்ளையை பால்வாடியில் விட்டுவிட்டு வருகிறவர்கள். எடை போடும் நாளில் கூட நில்லுங்கள். எவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். தாய் சேய் நல அட்டையில் புள்ளி வைத்துத் தரச் சொல்லுங்கள். போன மாதப் புள்ளிக்குக் கீழே இறங்கியிருந்தால் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேளுங்கள். டீச்சரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பதில் சொல்ல வேண்டியவர் அவருக்கு மேலே இருக்கிறார்.