சட்டத்துக்கு முன்பே எழுந்த தகனக்கூடம்

ஜெர்மனியின் முதல் நவீன தகனக்கூடம் 1878-இல் கோத்தா நகரில் இயங்கத் தொடங்கியது. பிரஷ்ய அரசோ 1911 வரை எரியூட்டலை அனுமதிக்கவில்லை. ஆயினும் ஹாகன் நகர எரியூட்டல் ஆதரவாளர்கள் 1908-இலேயே, பீட்டர் பேரன்ஸின் வடிவமைப்பில் ஒரு தகனக்கூடத்தைக் கட்டி முடித்தனர். அது பயன்பாட்டுக்கு வந்தது 1912-இல்.

அதன் முகப்பு புளோரன்ஸின் சான் மினியாத்தோ தேவாலயத்தை நினைவூட்டுவது; புகைபோக்கியோ மணிக்கோபுரத்தின் சாயலுடையது. 1909-இல் பெர்லின் டர்பைன் கூடத்தில் இயந்திரத் தொழிலை வெளிப்படையாகப் போற்றிய பேரன்ஸ், இங்கே புகைபோக்கியைக் கோபுரமாக்கியது ஏன்? பழமைப் பற்று என்பது போதிய விடையன்று. கத்தோலிக்கத் திருச்சபை 1886-இல் எரியூட்டலைத் தடைசெய்திருந்தது. புதைத்தலே மரபெனக் கொண்ட சமூகத்தின் தயக்கத்தைத் தணிக்கும் பொறுப்பு அக்கட்டடத்துக்கு இருந்தது. ஆகவே அதனைப் பாணி வரலாற்றின் ஒரு படியாக மட்டும் கொள்வது குறையுடையது. சட்டம் மறுத்த ஓர் உரிமையைக் கோரி எழுப்பப்பட்டது என்பதிலிருந்தே அதன் ஆய்வு தொடங்க வேண்டும்.