கோப்பையில் எழுதிய பெயர்

அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஸ்டார்பக்ஸ் கோப்பிக்கடை ஒன்றின் ஊழியர்கள் 2021 டிசம்பரில் 19க்கு 8 என்ற வாக்குகளால் தொழிற்சங்கம் அமைக்கத் தீர்மானித்தனர். நூற்றுக்கணக்கான கிளைகள் பின்தொடர்ந்தன. அப்போது ஆதரவாளர் சிலர் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. கோப்பி கேட்கையில், தம் பெயருக்குப் பதிலாகச் சங்கத்தை வாழ்த்தும் சொல்லைக் கொடுத்தனர். கோப்பி தயாரானதும் முகாமையாளரின் காதுபட ஊழியர் அதையே கூவி அழைக்க வேண்டியதாயிற்று!

நாமோ எதற்கெடுத்தாலும் பகிஷ்கரிப்பு என்போம். ஊழியர் கேட்காமலே கடையைப் புறக்கணித்தால் முதலில் வெட்டுப்படக்கூடியது அவர்களது வேலைநேரம்தான். சங்கத்தால் வியாபாரம் கெட்டதென்று நிர்வாகம் சொல்லவும் வழி பிறக்கும்.

ஒப்பந்தம் கைகூடாமலே ஆண்டுகள் கழிந்து, 2025 நவம்பரில் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, வாங்காதீர்கள் என்று அவர்களே கேட்டனர். அதன்பின்னும் அங்கே வரிசையில் நின்றதற்கு என்னால் நியாயம் காண முடியவில்லை.