செயற்கை நகமும் உளூவும்



நீண்ட நகத்தில் பட்டு இழை மாட்டினால் பிசிறு எழும். திருப்பருத்திக்குன்றத்தில் தறியுள்ள வீட்டுப் பெண்ணுக்கு இதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அத்தகைய ஊரிலும் இன்று மணப்பெண்ணின் விரல்களில் செயற்கை நகம் ஏறிவிட்டது.

அண்மையில் எம்மிடம் ஓதிய மாணவி ஒருத்தி தன் தாயார் வழியாக வினவினாள்: “ஹஜ்ரத், நிக்காஹ்வுக்கு ஒட்டும் நகத்தை இரண்டு வாரம் எடுக்கக் கூடாதாம். அதுவரை தொழுகையைக் களாச் செய்துகொள்ளலாமா?”

நாம் திகைத்தோம். அவள் உளூவின் சட்டத்தை அறிந்திருந்தாள். அதனால்தான் தொழுகையையே ஒத்திவைக்கத் துணிந்தாள்! அல்மாயிதா 5:6 வசனம் கைகளை முழங்கை வரை கழுவப் பணிக்கிறது. நகமும் கையில் அடங்கும். காலில் நகமளவு இடம் நனையாமல் விட்டவரை, திரும்பிச் சென்று உளூவைச் செம்மையாகச் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள் என்பது முஸ்லிம் நூலில் பதிவான செய்தி. காலுறை மீது மஸஹு செய்யும் சலுகையை ஒட்டிய நகத்துக்கு நீட்ட இயலாது. மருதாணி நிறம் மட்டுமே தருவதால் அதற்குத் தடையில்லை.

எனினும், “கூடாது” என்றுரைத்து அமைந்துவிடுவது ஆசிரியர்களாகிய எமது குறையென்றே கருதுகிறோம். அச்சொல்லைக் கேட்ட பெண் நகத்தைப் பிடுங்கி எறிகிறாள். அதனுடன் இயற்கை நகத்தின் மேலடுக்கும் உரிந்து வருகிறது.

பசையால் ஒட்டியதாயின் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கால்மணி நேரம் ஊறவைத்து, ஓரத்திலிருந்து மெல்லத் தளர்த்த வேண்டும். அக்ரிலிக் வகைக்கு அசிட்டோன் தேவை. அதை நெருப்பருகே, குறிப்பாக அடுப்படியில், திறத்தலாகாது. எஞ்சிய பசையையும் அகற்றிய பின்னரே உளூ நிறைவேறும். கழற்றிய விரலுக்குச் சிறிது தேங்காயெண்ணெய் தடவலாம். தளர்ந்த நகத்தின் அடியில் ஈரம் தங்கினால் கிருமி பெருகி நகம் பச்சையாகும். அதன்மேல் மறுபடி ஒட்டாமல் மருத்துவரிடம் காட்டுக.

மாதவிடாய் நாட்களில் தொழுகை கடமையன்று; அப்போது அணிவோர் கடமையான குளிப்புக்கு முன் கழற்றியாக வேண்டும்.

அம்மாணவிக்கு நாம் சொல்லியனுப்பியது இதுவே: களாவுக்கு இடமில்லை. அணிந்தே தீர வேண்டுமெனில், பசை வேண்டாம். இருபுறமும் ஒட்டும் சிறு பட்டையுள்ள நகத்தைப் பெண்கள் கூடும் நேரத்துக்கு மட்டும் அணிந்து, அடுத்த தொழுகைக்கு உளூச் செய்யுமுன் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடு.