மலிவுக் கறியும் மாணவர் அடுப்பும்

மாணவர் மலரில் சமையலைப் பற்றி எழுதுவதா என்று கேட்போர் இருக்கலாம். மொழி இருக்கிறது, நாடு இருக்கிறது, காதல் கவிதை இருக்கிறது. அடுப்பங்கரையில் உனக்கென்ன வேலை என்று சிரிப்போரும் இருக்கலாம். சிரிக்கட்டும். வயிறு நிறைந்தவனுக்கே கவிதை சுவைக்கும். ஊரை விட்டு ஆயிரம் மைல் கடந்து கொல்கத்தாவுக்கு வந்து, உதவித்தொகையை எண்ணி எண்ணிச் செலவிடும் நமக்கு, இரவில் என்ன உண்பது என்பது சிறிய கேள்வியன்று.

நான் பேச வந்தது மாட்டுக்கறியைப் பற்றி. அதிலும் உயர்ந்த கறியன்று. சவ்வும் நாணும் ஓடும் கெண்டைக்கால் கறி, எலும்போடு கூடிய நெஞ்சுக்கறி. பெஹாலாவில் ஒரு மாடி வீட்டில் நாங்கள் நால்வர் வாடகைக்கு இருக்கிறோம். ஞாயிறு காலையில் ஒருவர் டைமண்ட் ஹார்பர் சாலையில் பேருந்து ஏறிக் கிதிர்பூர் சென்று கறி வாங்கி வருவார். ஒரு கிலோ ஆட்டுக்கறியின் விலைக்கு இதில் இரண்டு கிலோவுக்குமேல் கிடைக்கிறது. ஆயினும் நம் தோழர்களிடம் இக்கறியைப் பற்றி இரண்டு குறைகளைக் கேட்கிறேன். ஒன்று, "வேகவே வேகாது; ரப்பர்!" மற்றொன்று, "சமைத்தால் சமை, வெளியே சொல்லாதே!" முதற்குறைக்கு விடை அறிவியலில் இருக்கிறது. இரண்டாவதற்கு விடை நம்மிடம் இருக்கிறது.

கறி ஏன் கடினமாகிறது? நாளெல்லாம் நடந்து உடலைத் தாங்கிய தசை அது. உழைத்த தசையில் சவ்வு மிகுதி. வயதும் ஒரு காரணம். மேற்கு வங்கத்தில் 1950இல் வந்த சட்டம், 14 வயதைக் கடந்து உழைப்புக்கோ இனப்பெருக்கத்துக்கோ உதவாத மாட்டையும், முதுமையாலோ காயத்தாலோ தீராத நோயாலோ நிலையாக முடங்கிய மாட்டையுமே அறுக்கச் சான்று தரலாம் என்றது. எருமைக்கும் அதே விதி. தமிழ்நாட்டில் 1958இல் வந்த சட்டம் 10 வயது என்றது. ஆக, சட்டப்படி நம் சட்டிக்கு வருவது இளங்கன்றன்று. உழைத்து ஓய்ந்த கிழமாடு. அதைப் பத்து நிமிடத்தில் வதக்கித் தின்ன நினைப்பது சமைப்பவர் பிழை, மாட்டின் பிழையன்று.

அந்தச் சவ்வின் உள்ளே இருப்பது கொலாஜன் என்னும் புரதம். அதன் வடிவத்தை உலகுக்குச் சொன்னது எந்த ஊர் தெரியுமா, தோழர்களே? சென்னை! 1928இல் இதே கொல்கத்தாவில் இராமன் விளைவைக் கண்ட சர் சி. வி. இராமன் பின்னர்ப் பெங்களூர் சென்றார். அங்கே அவரிடம் பயின்றவர் ஜி. என். இராமச்சந்திரன். அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, எக்ஸ்-கதிர்ப் படங்களைக் கொண்டு, கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு என்று 1954இலும் 1955இலும் 'நேச்சர்' இதழில் எழுதினார். ஒவ்வோர் இழையிலும் மூன்றுக்கு ஒன்றாகக் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம் வருகிறது. அது சிறியதாக இருப்பதனால்தான் மூன்று இழைகளும் அத்தனை நெருக்கமாக முறுக்கிக்கொள்ள முடிகிறது. மாடு முதுமை எய்த எய்தக் கயிற்றுக்கும் கயிற்றுக்கும் இடையே குறுக்குக் கட்டுகள் இறுகுகின்றன. பல்லுக்குப் பிடிபடாத கிழமாட்டுக் கறியின் கதை இதுதான்.

நான் வாணியம்பாடிப் பக்கத்தவன். எங்கள் ஊர்ப்பக்கம் தோல் பதனிடும் தொட்டிகள் நிறைந்தது. பதனிடுதல் என்பது இந்தக் கொலாஜன் கயிறு வெந்நீரிலும் எளிதில் அவிழாதபடி கட்டிவைக்கும் வேலை. சமைத்தல் என்பது அதே கயிற்றை அவிழ்த்துவிடும் வேலை. ஒன்று செருப்பாகிறது, மற்றொன்று குழம்பாகிறது. பொருள் ஒன்றே, கைவேலைதான் வேறு.

அவிழ்ப்பது எப்படி? 60 பாகை செல்சியசைத் தாண்டும்போது கொலாஜன் சுருங்கும். கறி இறுகி நீரைக் கக்கும். அரைமணி நேரத்தில் ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பார்த்து "ரப்பர்" என்று கைவிடுபவர் இந்தக் கட்டத்திலேயே தோற்றுவிடுகிறார். அவர் பொறுத்திருக்க வேண்டும். 70 பாகைக்கு மேல் மணிக்கணக்கில் ஈரத்தோடு இருந்தால் முறுக்கு அவிழ்ந்து கொலாஜன் ஜெலட்டினாகக் கரையும். பிறகு நார் நாராகப் பிரியும் கறியைக் கரண்டியாலேயே உடைக்கலாம்.

எங்கள் அடுப்பின் முறை இது. எலும்போடு ஒன்றரைக் கிலோ கறி. எலுமிச்சம்பழ அளவுத் துண்டுகள். துணியால் ஈரம் ஒற்றி உப்பிட்டு, காய்ந்த கடுகெண்ணெயில் சிறிது சிறிதாகப் போட்டுச் சிவக்க வறுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் நீர் விட்டு வேகுமே தவிரச் சிவக்காது. சிவக்காத கறிக்கு மணமில்லை. கறியை எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் நான்கு வெங்காயம், ஒரு முழுப் பூண்டு, இரண்டு விரல் இஞ்சி, இரண்டு தக்காளி. பிறகு மல்லித்தூள், மிளகு, காய்ந்த மிளகாய், ஒரு துண்டு பட்டை. கறியைத் திரும்பப் போட்டு, பாதி மூழ்கும் அளவுக்கே நீர் ஊற்றி, கனமான மூடியால் மூடி, சிறுதீயில் மூன்று மணி நேரம் விடுங்கள். கொதித்துக் குதிக்கக் கூடாது. ஓரத்தில் ஒரு குமிழி எழுந்தால் போதும். கடைசி அரைமணியில் உருளைக்கிழங்கு. பிரியாணியிலும் உருளைக்கிழங்கு போடும் ஊரில் இருந்துகொண்டு அதை மறக்கலாமா? மறுநாள் எடுத்துப் பாருங்கள். குழம்பு கட்டியாக உறைந்திருக்கும். அதுதான் ஜெலட்டின். சூடாக்கிச் சோற்றில் ஊற்றினால் உதடு ஒட்டும்.

எரிவாயு செலவாகுமே என்பீர்கள். குக்கர் இருக்கிறது. உள்ளே அழுத்தம் ஏறினால் நீர் ஏறக்குறைய 120 பாகையில் கொதிக்கும். மூன்று மணி வேலை ஒரு மணிக்குள் அடங்கும். குக்கரின் பிறப்பே இதற்காகத்தான். 1679இல் டெனி பாப்பின் இலண்டன் இராயல் கழகத்தார்க்குக் காட்டிய கருவி, எலும்பை மென்மையாக்கும் கருவி. எறிந்துவிடும் எலும்பிலிருந்தும் உணவு பெறலாம் என்பதே அவர் எண்ணம்.

அறிவியல் படிப்பவன் ஒரு சொல் மிகையாகச் சொல்லக் கூடாது. எலும்புச் சாறு எல்லா நோய்க்கும் மருந்து என்று சிலர் பேசுகிறார்கள். அது சரியன்று. உடலுக்கு இன்றியமையாத டிரிப்டோபான் என்னும் அமினோ அமிலம் ஜெலட்டினில் இல்லவே இல்லை. சாற்றை மட்டும் குடித்து உடல் வளர்க்க முடியாது. கறியின் தசையும், அருகில் சோறும் பருப்பும் இருந்தால்தான் உணவு முழுமை பெறும்.

இனி இரண்டாவது குறை. "எதை வேண்டுமானாலும் சமையுங்கள், அது மட்டும் கூடாது" என்றார் நாங்கள் முன்பு இருந்த வீட்டின் உரிமையாளர். அதனால் அங்கே ஒரு தோழர் சன்னலை அடைத்து, கதவிடுக்கில் துணி செருகி, புகையில் இருமிக்கொண்டு சமைத்தார். திருடியவன் போலத் தின்றார். வாடகை அறைக்கா, நாக்குக்கா? இதைவிட என்னை வருத்துவது வேறொன்று. அந்த அச்சத்தை நம் சங்கத்துக்குள்ளும் சுமந்து வருகிறோம். நம் கூட்டுச் சமையலில் இக்கறியின் பெயரையே யாரும் எடுப்பதில்லை. வீட்டில் இதை உண்டு வளர்ந்தவரும், "நான் எல்லாம் கோழிதான்" என்கிறார். மலிவான உணவை உண்பது மலிவான மனிதனின் அடையாளம் என்று அவருக்கு யார் கற்பித்தது?

இதற்கு மறுகோடியையும் இந்நகர் கண்டிருக்கிறது. 1831 ஆகஸ்டில், டிரோசியோவின் வழிவந்த இளைஞர் சிலர், கிருஷ்ண மோகன் பானர்ஜியின் வீட்டில் அவர் இல்லாத நேரத்தில் கூடி மாட்டுக்கறி உண்டு, எச்சத்தை அண்டை வீட்டுக்குள் எறிந்தனர். பானர்ஜி வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். பழமையை எதிர்த்த அவர்கள் துணிவை நான் மதிக்கிறேன். எலும்பை எறிந்ததை மதிக்க மாட்டேன். அடுத்த வீட்டாரை அழவைக்கும் உணவு யார் வயிற்றில் செரிக்கும்?

உண்டதற்காக அடிப்பதும் நாகரிகமன்று. 2017 மே மாதம், சந்தையில் அறுப்புக்கென மாடு விற்பதைத் தடுக்கும் விதிகளை நடுவணரசு கொண்டுவந்தது. அதை எதிர்த்துச் சென்னை ஐ.ஐ.டி. மாணவர் சிலர் கூடி மாட்டுக்கறி உண்டனர். இரண்டு நாளில் அவர்களுள் ஓர் ஆராய்ச்சி மாணவர் கண்ணில் காயம்படத் தாக்கப்பட்டார். அவ்விதிகளுக்கு மதுரைக் கிளை நீதிமன்றம் விதித்த இடைக்காலத் தடையை, அவ்வாண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் நீட்டித்தது. சட்டம் தன் வழியில் பேசியது. பட்ட அடி பட்டதுதான்.

எறிவதும் வேண்டா, ஒளிப்பதும் வேண்டா என்பதே என் கட்சி. ஊன்சோற்றைப் பாடச் சங்கப் புலவர் நாணவில்லை. இரவெல்லாம் வெந்த நிஹாரியைக் குளிர்காலக் காலையில் விற்கச் சக்காரியா தெருக் கடைக்காரர் நாணவில்லை. நாம் மட்டும் ஏன் நாண வேண்டும்?

சங்கத்தார்க்கு என் வேண்டுகோள் சிறியது. அடுத்த கூட்டுச் சமையலில் சாம்பாரும் பொரியலும் வழக்கம்போல் இருக்கட்டும். கோழியும் இருக்கட்டும். தனி அடுப்பில், தனிச் சட்டியில், தனிக் கரண்டியோடு, பெயர் எழுதி ஒட்டி, இக்கறியும் இருக்கட்டும். விரும்புவோர் பணம் போட்டு வாங்கட்டும். விரும்பாதவரை ஒருவரும் வற்புறுத்த வேண்டா, "ஏன் உண்ணவில்லை?" என்று கேட்கவும் வேண்டா. தயிர்சாதத்தோடு ஒருவரும் மாட்டுக்கறிச் சோற்றோடு ஒருவரும் ஒரே பந்தியில் அமர்ந்து, ஒரே தமிழில் சண்டையிட்டுச் சிரிக்க முடியாதென்றால், நமக்குச் சங்கம் எதற்கு?

சமைக்க ஆள் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். மூன்று மணி நேரம் அடுப்பருகே நிற்க நான் இருக்கிறேன். வெங்காயம் உரிக்க இருவர் வந்தால் போதும்.