கண்ணாற் கண்ட சரித்திரம்

மறைந்துபோனவற்றின்மீது மனிதனுக்குள்ள ஆவல் என்றும் அடங்குவதில்லை. புதையுண்ட நகரம், திறவாத பெட்டகம், கரைசேராத கப்பல், திரும்பி வாராத பயணி என்று கதை தொடங்கினால், பாட்டியார் முதற் பாலர் வகுப்புப் பிள்ளை ஈறாக வீட்டிலுள்ளோர் எல்லோரும் செவிசாய்ப்பர். முன்னர் இத்தகைய கதைகளைத் திண்ணையிலிருந்து கேட்டோம். இன்று அவற்றைத் தொலைக்காட்சியிற் காண்கின்றோம். சரித்திரத்தின் விந்தைகளையும் மர்மங்களையும் துருவி ஆராய்வதாகக் கூறும் விசேட நிகழ்ச்சிகள் பிறநாட்டு அலைவரிசைகளிற் பெருகிக் கிடக்கின்றன. கைத்தொலைபேசி இருந்தாற் போதும், அவை படுக்கையறைக்கே வந்துவிடுகின்றன.

இந்நிகழ்ச்சிகளை நான் இகழ்பவனல்லன். பாடப்புத்தகத்தில் நான்கு வரிகளாக உறங்கிக் கிடக்கும் ஒரு சம்பவத்தை எழுப்பி நடமாடவைக்கும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. ஒரு தவணை முழுவதும் ஆசிரியர் முயன்றும் ஊட்டவியலாத ஆர்வத்தை ஒரு மாலைநேர நிகழ்ச்சி ஊட்டிவிடுவதும் உண்டு. ஆயினும், ஆர்வம் ஊட்டுவது வேறு; அறிவு ஊட்டுவது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும்.

1986ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21ஆம் திகதி, அமெரிக்காவில் ஏறத்தாழ மூன்று கோடி மக்கள் தொலைக்காட்சிப் பெட்டியின்முன் கூடியிருந்தனர். கள்ளச் சாராய வியாபாரத்தாற் பெருஞ்செல்வம் திரட்டிய அல் கபோன் என்பவன், 1920களின் இறுதியிற் சிக்காகோ நகரத்து ஹோட்டல் ஒன்றைத் தன் தலைமையிடமாகக் கொண்டிருந்தான். அதன் நிலவறையில் அவனுடைய இரகசிய அறையொன்று உண்டென்று கூறி, ஜெரால்டோ ரிவேரா என்னும் நிருபர் அங்குள்ள சுவரை உடைக்கும் காட்சியை நேரடியாகவே ஒளிபரப்பினர். பணம் அகப்பட்டால் அறவிடுவதற்கு வரி உத்தியோகத்தரும், பிணம் அகப்பட்டாற் பரிசோதிப்பதற்கு வைத்தியரும் ஆயத்தமாக நின்றனர். இரண்டு மணி நேரம் சென்றது. கிடைத்தவை மண்ணும் சில வெற்றுப் போத்தல்களுமே!

நாடு முழுவதும் நகைத்தது. எனினும் அந்நிகழ்ச்சியை ஒரு வகையிற் பாராட்டலாம். அறை வெறுமை என்பதைப் பார்த்தவர் அனைவரும் தம் கண்ணாலேயே கண்டனர். அந்த வெறுமையை நிரப்புவதற்கு எவரும் கதை கட்டவில்லை. வெறுமையை ஊகங்கொண்டு நிரப்பப் புகும்போதுதான் சரித்திரத்துக்கு ஊறு நேர்கிறது. அதற்கு ஓர் உதாரணமாக, அமெலியா இயர்ஹாட் என்னும் வீராங்கனையின் கதையைக் கேளுங்கள்.

1897ஆம் ஆண்டு அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்திற் பிறந்த அமெலியா, 1932ஆம் ஆண்டு மே மாதத்தில் அற்லாந்திக் சமுத்திரத்தைத் தன்னந்தனியே விமானத்திற் கடந்தார். அவ்வாறு கடந்த முதற் பெண் அவரே. பின்னர் 1937இல், பூமத்திய ரேகையை ஒட்டி உலகைச் சுற்றிவர எண்ணி, திசையறிந்து வழிகாட்டுவதில் வல்லவரான பிரெட் நூனன் என்பவரையும் அழைத்துக்கொண்டு, லொக்ஹீட் எலெக்ட்ரா என்னும் இரட்டை இயந்திர விமானத்திற் புறப்பட்டார். தென்னமெரிக்கா, ஆபிரிக்கா, கராச்சி, கல்கத்தா, இரங்கூன், சிங்கப்பூர், அவுஸ்திரேலியா என ஏறத்தாழ 22,000 மைல் கடந்து, நியூகினித் தீவிலுள்ள லே என்னும் ஊரை அடைந்தார். எஞ்சியிருந்தது 7,000 மைல். அவ்வளவும் பசுபிக் சமுத்திரம்.

யூலை 2ஆம் திகதி காலை பத்து மணிக்கு விமானம் லேயிலிருந்து எழுந்தது. அடுத்து இறங்கவேண்டிய இடம் 2,556 மைலுக்கு அப்பாலுள்ள ஹவ்லாந்து தீவு. தீவென்று பெயரேயன்றி, அது சுமார் ஒன்றரை மைல் நீளமுள்ள ஒரு சிறு திட்டு. கடற்பரப்பில் அதனைத் தேடுவது பாயிலே தவறிய ஊசியைத் தேடுவதினும் கடினம். இடையிலே சர்வதேசத் திகதிக் கோட்டைத் தாண்டியமையால், இருபது மணி நேரம் பறந்த பின்னரும் அங்கே அதே யூலை 2ஆம் திகதிக் காலைப்பொழுதாகவே இருந்தது. தீவருகே இத்தாஸ்கா என்னும் அமெரிக்கக் கரையோரக் காவற் கப்பல் காத்து நின்றது. அமெலியாவின் குரல் கப்பலுக்குக் கேட்டது. கப்பலார் பேசிய குரலோ அவருக்கு எட்டவில்லை. தாம் கப்பலுக்கு அண்மையில் இருக்கவேண்டும் என்றும், ஆனாற் கப்பல் கண்ணுக்குப் புலப்படவில்லை என்றும், எரிபொருள் குறைந்து வருகின்றது என்றும் அவர் அறிவித்தார். காலை 8.43க்கு வந்ததே கடைசிச் செய்தி. அதன்பின் மௌனம். விமானந்தாங்கிக் கப்பலொன்று உட்படப் பல கப்பல்கள் யூலை 19ஆம் திகதி வரை தேடியும் தடயம் எதுவும் அகப்படவில்லை. 1939ஆம் ஆண்டு தொடக்கத்தில் அமெலியா இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது.

எரிபொருள் தீர்ந்து விமானம் கடலில் அமிழ்ந்தது என்பதே அறிஞர் பலருடைய கருத்து. ஆயினும், கடலில் அமிழ்ந்தார் என்று முடியும் கதை கேட்போருக்குத் திருப்தி தருவதில்லை. ஆகவே வேறு முடிவுகள் பலவும் முளைத்தன.

எண்பது ஆண்டுகள் கழிந்தன. 2017ஆம் ஆண்டு யூலை மாதம் 9ஆம் திகதி, அமெரிக்காவின் ஹிஸ்டரி அலைவரிசை, அமெலியாவைப் பற்றிய 'இழந்த சான்று' கிடைத்துவிட்டதாகக் கூறி இரண்டு மணி நேர விசேட நிகழ்ச்சியொன்றை ஒளிபரப்பியது. அச்சான்று ஒரு புகைப்படம். அமெரிக்கத் தேசிய சுவடிக்கூடத்தில் இருந்த அப்படத்திற் குறிக்கப்பட்டிருந்தது ஜாலூயிட் என்னும் இடத்தின் பெயர். அது அக்காலத்தில் யப்பானின் ஆட்சியிலிருந்த மாஷல் தீவுகளைச் சேர்ந்தது. படத்திலே ஓர் இறங்குதுறை, அதன்மேற் சிலர், அவர்களுள் ஒருவர் குறுகிய தலைமயிருடன் நமக்கு முதுகு காட்டி அமர்ந்திருக்கின்றார். அவரே அமெலியா என்றனர். ஓரமாக நிற்கும் வெள்ளையர் நூனன் என்றனர். தொலைவிலே கப்பலொன்று இழுத்துச் செல்லும் மங்கலான பொருள் எலெக்ட்ரா விமானம் என்றனர். முகத்தை அளந்து ஆளை அடையாளங் காணும் நிபுணர் வந்து தலையசைத்தார். மத்திய புலனாய்வு நிறுவனத்தில் உயர்பதவி வகித்து ஓய்வுபெற்றவர் முன்னின்று விசாரணை நடத்தினார். ஆகவே, அவ்விருவரையும் யப்பானியர் சிறைப்பிடித்தனர் என்றும், அவர்கள் சைப்பான் தீவிற் காவலிலே மாண்டனர் என்றும் நிகழ்ச்சி கூறிற்று.

ஒளிபரப்பு முடிந்து இரண்டொரு நாள்கூட ஆகவில்லை. யுத்த சரித்திரத்தில் நாட்டமுள்ள யப்பானியர் ஒருவர், தம் நாட்டுத் தேசிய நூல்நிலையத்தின் மின்னியற் சேகரத்திலே ஜாலூயிட் என்ற பெயரை இட்டுத் தேடினார். அரை மணி நேரத்துக்குள் அதே படம் ஒரு யப்பானிய நூலில் அகப்பட்டது. தென்கடல் தீவுகளைப் பற்றிய அந்நூல் பதிப்பிக்கப்பட்ட ஆண்டு 1935. அமெலியா மறைந்ததோ 1937. படத்திலே தெரிவதாகச் சொல்லப்பட்ட விமானம் அவர் கைக்கு வந்ததே 1936இல்! முதுகு காட்டி அமர்ந்தவர் யாராயினும் ஆகுக, அவர் அன்று காணாமற்போன அமெலியா ஆதல் இயலாது. அலைவரிசையார் புதிய செய்தியை ஆராய்வதாக அறிவித்தனர். மறு ஒளிபரப்புக்களிலிருந்து நிகழ்ச்சியை விலக்கியும் கொண்டனர்.

இங்கே நாம் சிந்திக்க வேண்டியது யாது? நிகழ்ச்சியிலே தோன்றியவர்கள் பேதைகளல்லர். அவர்கள் காட்டிய படமும் போலியன்று, உண்மையான படமே. தவறியது கேள்விகளின் வரிசை. படம் எப்போது எடுக்கப்பட்டது என்பது முதலாவது கேள்வி. அதற்கு விடை தெரியாமலே, படத்தில் இருப்பவர் யார் என்னும் இரண்டாவது கேள்விக்குத் தாவிவிட்டனர். தாவிய பின்னர் எத்தனை நிபுணர் வந்து எத்தனை கருவிகொண்டு அளந்தும் பயன் என்ன? அத்திவாரம் இல்லாத வீட்டுக்கு ஓடு மேய்ந்தவாறாயிற்று.

இத்தகைய நிகழ்ச்சிகளின் அமைப்பைச் சற்றே கவனித்துப் பாருங்கள். தொடக்கத்தில் 'இருக்கலாமோ?' என்று வினா எழும். சிறிது நேரத்தில் 'இருக்கக்கூடும்' என்பர். இடையிடையே நடிகர்கள் வேடமிட்டு, நடந்திராத சம்பவத்தை நடந்ததுபோல நடித்துக் காட்டுவர். பின்னணியிலே சங்கீதம் முழங்கும். விளம்பரம் முடிந்து மீளும்போது 'கூடும்' என்ற சொல் மெல்ல நழுவியிருக்கும். கடைசிக் கால் மணி நேரத்தில் எல்லாம் 'நடந்தது' ஆகிவிடும். ஐயம் எந்த இடத்தில் உண்மையாக மாறியது என்பதைப் பார்த்தவர் எவரும் அறியார்.

இதனாற் கெடுவது யாது, பொழுதுபோக்குத்தானே என்பாரும் உளர். அந்நிகழ்ச்சி ஒரு நாட்டின்மீது இரு உயிர்களின் பழியைச் சுமத்தியது. குற்றவாளிக் கூண்டில் நிற்கும் ஒரு தனிமனிதனுக்கு எதிராக, நாளும் மாதமும் தெரியாத புகைப்படத்தைச் சான்றாக நீட்டினால் எந்த நீதிபதி ஏற்பார்? மனிதன் ஒருவனுக்குக் காட்டும் நியாயத்தை இறந்த காலத்துக்கும் காட்டுதல் வேண்டும். இறந்தோர் எழுந்து வந்து மறுத்துரைக்கமாட்டார்கள். ஆதலால் அவர்களைப் பற்றிப் பேசுவோருக்குப் பொறுப்பு மிகுதி.

இதே அமெலியாவைத் தேடிய மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. 1985இல் டைட்டானிக் கப்பலைக் கடலடியிற் கண்ட குழுவுக்குத் தலைமை தாங்கியவர்களுள் ஒருவரான ரொபேட் பலார்ட், 2019ஆம் ஆண்டு நிக்குமரோரோ என்னும் தீவுக்குச் சென்றார். 1940இல் அத்தீவிலே மனித எலும்புகள் சில கண்டெடுக்கப்பட்டிருந்தன. அவை அமெலியாவுடையனவாக இருக்கலாம் என்று சிலர் கருதினர். எலும்புகளோ பின்னர் தொலைந்துபோயின. தீவைச் சுற்றியுள்ள கடலடியைப் பலார்ட் குழுவினர் நவீன கருவிகளாற் துழாவியும் விமானத்தின் சுவடு கிடைக்கவில்லை. அத்தேடலைப் பற்றி நஷனல் ஜியோகிரபிக் அலைவரிசை அதே ஆண்டு ஒக்டோபர் மாதம் காட்டிய நிகழ்ச்சி, கண்டுபிடிப்பு எதுவும் இல்லாமலே முடிந்தது. எங்கே தேடினர், எவ்வாறு தேடினர் என்பதைப் பார்த்தவர் அறிந்துகொண்டனர். இனி வருவோர் அவ்விடத்தை விடுத்து வேறிடம் நோக்கலாமன்றோ? 2024ஆம் ஆண்டு தொடக்கத்திற் கடலடியில் விமானம்போன்ற உருவம் ஒன்று ஒலியலைக் கருவியிற் பதிவாகியதென்று பெரிதாகப் பேசினர். அதனைத் தேடியோரே மீண்டும் சென்று நெருங்கிப் பார்த்து, ஆண்டிறுதியில் அது வெறும் பாறை என்று அறிவித்தனர். தாமே கூறியதைத் தாமே சோதித்தமை போற்றத்தக்கது.

எனது உயர்தர வகுப்பிலே ஒரு மாணவன், வேறொரு மர்மத்தைப் பற்றிய விவாதத்தின்போது, "தொலைக்காட்சியிற் காட்டினார்களே, ஐயா!" என்றான். "எதைக் காட்டினார்கள்?" என்று கேட்டேன். அவன் சிறிது யோசித்து, "ஒருவர் சொன்னதைக் காட்டினார்கள், பிறகு நடிகர்கள் நடித்ததைக் காட்டினார்கள்" என்றான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. தான் எதைக் கண்டான், எதைக் கண்டதாக எண்ணியிருந்தான் என்பதை அவன் அப்போதுதான் பிரித்துப் பார்த்தான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் இந்நிகழ்ச்சிகளைப் பார்ப்பதைத் தடுத்துப் பயனில்லை; தடுக்கவும் வேண்டாம். கூட அமர்ந்து பாருங்கள். கையில் ஒரு தாளும் பேனாவும் இருக்கட்டும். நிகழ்ச்சியிலே காட்டப்பட்ட பொருள், கடிதம், படம் ஆகியவற்றை ஒரு பக்கத்திலும், அவற்றைக்கொண்டு சொல்லப்பட்ட முடிவுகளை மறுபக்கத்திலும் பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். ஒவ்வொரு சான்றுக்கும் எதிரே அதன் ஆண்டையும் குறிக்கச் சொல்லுங்கள். ஆண்டு தெரியாவிடின் அவ்விடத்தை வெறுமையாகவே விடச்சொல்லுங்கள்.

கண்ணாற் கண்டதும் பொய், காதாற் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். தொலைக்காட்சிப் பெட்டியை அவர்கள் கண்டதில்லை. ஆயினும் கண்ணுக்கும் காதுக்கும் ஒருசேர விருந்து வைக்கும் அப்பெட்டியின்முன் அமரும் நமக்கே அம்மூதுரை மிகவும் வேண்டப்படுவது. அடுத்த முறை திரையிலே ஒரு பழைய புகைப்படம் தோன்றும்போது, அதிலே இருப்பவர் யாரென்று வியப்பதற்கு முன், அது எந்த ஆண்டுப் படம் என்று உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்கட்டும்.